நாலு மைக்ரான் ஆள்

கல் அறுக்கிறவன் செத்த ஒன்பதாம் நாள், எட்டாயிரம் மடங்கு பெரிதாக்கிய படத்தில், அவன் தன்னுடைய நுரையீரல் துணுக்கின் மேலேயே உட்கார்ந்திருப்பதை அவன் மனைவி பார்த்தாள். உயரம் நாலு மைக்ரான். திரையின் ஓரத்தில் அளவுக்கோடு இருந்ததால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உயிரோடிருந்தபோது ஐந்தடி நாலங்குலம். ஒரு காலை மடக்கி, சுண்டுவிரலால் இடது காதைக் குடைந்தபடி உட்காரும் விதம் மட்டும் அப்படியே இருந்தது.

அவள் ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில் பதினெட்டு வருஷமாக எலக்ட்ரான் நுண்ணோக்கி ஓட்டுகிறவள். எல்லோருக்கும் மெஷின்காரம்மா. பால்பவுடர், பிஸ்கட் தூள், உடைந்த போல்ட், சிமெண்ட், இலையின் முதுகு என்று எது வந்தாலும் பெயரில்லாமல் எண்ணோடு வரும். காயவைத்து, மேலே தங்கப் பூச்சு பூசி, காற்றை உறிஞ்சிய அறைக்குள் தள்ளிப் பார்ப்பாள். அன்றைக்குப் பூச்சுக்கான தங்கத் தகடு தீர்ந்துபோயிருந்தது. புதுத் தகடு கேட்ட காகிதம் யாரோ ஒருவர் மேஜையில் கையெழுத்துக்குத் தவம் கிடந்தது. சரி, மின்னழுத்தத்தைக் குறைத்துப் பூச்சில்லாமலே பார்ப்போம் என்று வைத்தாள். பூசியிருந்தால் அவன் தங்கத்துக்கடியில் அமுங்கிப் போயிருப்பான், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவள் போட்ட சத்தம் கேட்டு இறங்கிவந்த இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஆமா, உங்க வீட்டுக்காரர்தான். சொந்த விஷயமெல்லாம் அஞ்சு மணிக்கு மேல வச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அவன் வேலை பார்த்தது சமையலறை மேடைக்குக் கல் பலகை அறுக்கும் பட்டறையில். அங்கே தூசி விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை பறக்கும். முப்பது பேரும் இருமினார்கள். முதலாளியோ எல்லாம் சிகரெட்டால் வந்த வினை என்றார். சிகரெட் வாடை பட்டாலே குமட்டுகிறவனைப் பற்றிச் சொன்ன பேச்சு இது, வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு! விசாரணை அதிகாரி, நுரையீரலுக்குள் கல்தூசி இருக்கிறதென்று காட்டினால் பட்டறையை மூடுகிறேன் என்றார். தெளிவான படம் ஒன்று வேண்டும். அந்தத் தூசி என்ன கல் என்று சொல்லும் பத்து நிமிட அளவீடு ஒன்று வேண்டும். அவனுக்கு முன்னால் பட்டறையில் செத்தவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாததால் குண்டூசித் தலையளவு இந்த ஒரு துணுக்குதான் கையிலிருந்தது. அதில் இருந்ததும் ஒரே ஒரு கல். அதன்மேல்தான் அவன் சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்வதுபோலச் சாய்ந்திருந்தான்.

பூச்சில்லாத சதை எலக்ட்ரான் கற்றையைத் தாங்காது. நாலு செகண்ட் பார்க்கலாம். நல்ல படத்துக்கு எண்பது செகண்ட் வேண்டும், அதற்குள் சுருங்கிவிடும். பத்து நிமிடம் காட்டினால் ஓட்டைதான் மிஞ்சும். புதுத் தகடு வந்த பிறகு தங்கம் பூசியிருக்கலாம். ஆனால் அதுவும் மூக்கிலும் வாயிலும் போய் அடைக்கிற தூள்தானே? தூசி தின்று செத்தவன்மேல் இன்னொரு தூசியைத் தூவ அவளுக்குக் கை வரவில்லை. 'மாதிரி ஆய்வுக்குத் தகுதியற்றது' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஊரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்; இவள் புருஷனை ஒரு வரியில் மறைத்தாள்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. தினமும் ஐந்து மணிக்கு நாலே நாலு செகண்ட். மகளின் மார்க்கு, ஒழுகும் குழாய், பல்வலி என்று ஒவ்வொரு நாளைக்கு ஒன்றாகச் சொல்வாள். உள்ளே காற்றில்லாததால் அவன் பேசுவது வெளியே வராது. அவள் பேசுவது மட்டும் எப்படியோ அவனுக்குக் கேட்டது. அந்த நாலு செகண்டுக்கும் விலை இருந்தது. முதலில் சட்டைப் பொத்தான்கள் போயின. பிறகு குடைந்துகொண்டிருந்த காது போயிற்று. அதே இரண்டு வருஷத்தில் பட்டறையில் ஐந்து பேர், அவர்களும் ஆஸ்பத்திரி பார்க்காமலே, செத்தார்கள். ஐந்து வீட்டுக்கும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் ஐந்து மணிக்கு மறுபடியும் மெஷின்முன் உட்கார்ந்தாள்.

ஒருநாள் கொழுந்தன் வந்தான். அவனும் அதே பட்டறைதான். இருபத்திரண்டு படி இறங்குவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தான்.

"அண்ணி, மாதிரி சரியில்லைன்னு எழுதினீங்களே, நிஜமாவா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "உங்க அண்ணன் அதுமேல உக்காந்திருக்காரு தம்பி."

நாலு செகண்ட் காட்டினாள். அவன் சிரித்தான், சிரிப்பு இருமலில் முடிந்தது. "காதே இல்ல, இன்னும் குடையுறாரு பாருங்க." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "எனக்கு டாக்டர் ஒரு வருஷம்னு சொல்லிட்டாரு. எனக்காகக் கேக்கல அண்ணி. போன வாரம் புதுசா ஒம்போது பேரைச் சேர்த்திருக்காங்க. ஒருத்தனுக்கும் இன்னும் இருமல் வரல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

போட்டோ என்றாலே அவள் புருஷன் கண்ணை மூடிவிடுகிறவன். கல்யாணப் படத்திலும் மூடிய கண், அடையாள அட்டையிலும் மூடிய கண். ஸ்டூடியோக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். "ஒம்போது பேருங்க," என்றாள் திரையைப் பார்த்து. "எண்பது செகண்டுதான். அசையாதீங்க." படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. முடி வந்தது. நெற்றி வந்தது. கண் வந்தது, திறந்திருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோடு தோளுக்கும் முழங்காலுக்கும் இறங்கியபோது அவன் தலை சுருங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த பத்து நிமிடம் அளவீடு ஓடியது. அவள் திரும்பிக்கொள்ளவில்லை. முடிந்தபோது ஒரு ஓட்டையும் அதன் விளிம்பில் அந்தக் கல்லும் இருந்தன.

அதிகாரி படத்தில் கல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். "இது யாரு?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர்" என்றாள். 'சாய்ந்திருப்பவர்: கணவர்' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார். ஒரே மாதத்தில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. படத்தின் இன்னொரு பிரதி அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் இந்தப் படத்தில்தான் ஆள் நன்றாக விழுந்திருக்கிறார் என்பார்கள்.

கொழுந்தன் பதினோராம் மாதம் செத்தான். பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துணுக்கு எண்ணோடு வந்தது. தங்கத் தகடு பெட்டி நிறைய இருந்தது, அவள் தொடவில்லை. மின்னழுத்தத்தைக் குறைத்து, எட்டாயிரத்தில் வைத்தாள். மூன்றே முக்கால் மைக்ரான். எப்போதும் அண்ணனைவிட ஒரு பிடி குள்ளம்தான். அவன் அவளைப் பார்த்து வாயை அசைத்தான். என்ன கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஒம்போது பேரும் நல்லா இருக்காங்க தம்பி. ஒருத்தரும் இருமல" என்றாள். நாலாவது செகண்டில் கற்றையை அணைத்தாள்.