நான்காம் இடத்தின் நாற்பது மீட்டர்

ஜூன் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, அம்பர்நாத் பக்கத்து ஓடையில் நாற்பது மீட்டர் மட்டும் அங்கிருந்து கிளம்பி, மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஷ்யாமளாவின் ஹாலுக்கு வந்து ஓடத் தொடங்கியது. பால்கனிச் சுவரில் புறப்பட்டு, சோபாவுக்கு அடியில் நுரையோடு பல தடவை வளைந்து, டிவிக்குப் பின்னால் மறைந்தது. கீழ் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகாததால் கட்டடத்து சொசைட்டி நோட்டீஸ் எதுவும் அனுப்பவில்லை. கணவர் ஜெயராம் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, "இது எந்த ஊர்த் தண்ணிடி, இப்படி நாறறது?" என்று கேட்டார். "எனக்கென்ன தெரியும்?" என்றாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் பொய் அது.

அவளுக்குத் தெரியும். செம்பூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கணக்கு பார்ப்பவள் அவள்தான். மாதந்தோறும் அந்த ஓடையில் ஆறு இடங்களில் எடுத்த தண்ணீரின் அழுக்கைச் சராசரி போட்டு, மூன்றுக்குள் இருந்தால் குடிக்கலாம் என்று எழுத வேண்டும். ஐந்து இடங்களில் இரண்டரையைத் தாண்டாத எண், கரையோரக் குடியிருப்புக்காரர்கள் குடம் முக்கும் நான்காம் இடத்தில் மட்டும் பத்தொன்பது, இருபது என்று வரும். சராசரி மூன்றைத் தாண்டும், மேலதிகாரி முகம் சுளிப்பார். மாதிரி எடுத்ததில் தவறு இருந்தால் ஓர் எண்ணைத் தள்ளிவிடலாம் என்று விதி உண்டு. ஷ்யாமளா இரண்டு வருடம் நான்காம் இடத்தைத் தள்ளினாள். காரணம் எழுதும் கட்டத்தில், பாட்டில் கழுவப்படவில்லை என்று இருபத்துநான்கு தடவை எழுதினாள். குடியிருப்பு அறிக்கையை நம்பி அந்தத் தண்ணீரைக் குடித்தது. மாதிரி எடுத்து வந்த மாரீஸ்வரியை, அந்த ஜூன் முதல் வாரம், சுத்தம் போதாது என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளும் அந்தக் குடியிருப்புதான்.

ஓடை எட்டு மாதமாக ஹாலில் ஓடிக்கொண்டிருந்தது. உறவினர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து போனார்கள். ஒருநாள் ஜெயராம் ஒரு பாட்டில் தண்ணீரைத் தன் பெயரில் அவளுடைய பரிசோதனைக் கூடத்துக்கே அனுப்பி, வந்த காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பத்தொன்பது.

"இந்த நம்பர் உனக்குப் புதுசா, ஷ்யாமு?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் தள்ளிய எண்கள் இருபத்துநான்கையும் சேர்த்துத் திருத்திய அறிக்கையை மேலதிகாரியிடமும் நகராட்சியிடமும் கொடுத்துவிட்டு அம்பர்நாத் போனாள். ஓடை நான்காம் இடத்தில் வெறும் மணலாகக் கிடந்தது. மாரீஸ்வரி கரையில் நின்றிருந்தாள். "பாட்டில் சுத்தமாத்தான் இருந்தது மாரீஸ்வரி. பொய் எழுதினது நான்" என்றாள்.

"அது எனக்குத் தெரியும்க்கா. எங்க வீட்டுக்காரருக்கும் இந்த லைன் வீடுகள்ல இருக்கவங்களுக்கும்தான் தெரியாது. அழுக்கி, அழுக்கின்னு எட்டு மாசமா ஏசுதாவ. வாங்க, அங்க வந்து சொல்லுங்க."

ஷ்யாமளா பதினேழு வாசல்களில் நின்று சொன்னாள். மூன்றாவது வாசலில் பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை மாரீஸ்வரி கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தாள். கடைசி வீட்டில் ஒருத்தி, "எம் பிள்ளைக்குக் குடுத்தேனே அந்தத் தண்ணிய" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குடியிருப்புக்கு இப்போது டேங்கர் வருகிறது. மாரீஸ்வரிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஓடை மட்டும் திரும்பிப் போகவில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, மற்ற ஐந்து இடங்களையும் முடித்துக்கொண்டு மாரீஸ்வரி ரயிலேறி மாட்டுங்கா வருகிறாள். ஜெயராம் நாற்காலியை நகர்த்தி வழிவிடுகிறார். அவள் குனிந்து பாட்டிலை நிரப்பிக்கொள்கிறாள். சராசரி இந்த மாதமும் மூன்றைத் தாண்டித்தான் இருக்கிறது.