எழுந்தால் போச்சு

ஊருக்கு ஓர் உறுப்பினராகக் கூடும் அந்தச் சபையில் கை தூக்கச் சொல்லி எண்ணுகிற வழக்கமே கிடையாது. எண்ணினால் ஊருக்கும் ஊருக்கும் பகை மூளும் என்று எந்தப் புண்ணியவானோ என்றைக்கோ சொல்லிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அறைக்குள் இருக்கிற அத்தனை பேரும் சரி என்றால்தான் சரி. ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் பேச்சு நீளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறைக்குள் இல்லாதவருக்கு வாய் கிடையாது, வினையே அங்கேதான். முன்பொரு கூட்டத்தில் பல்வலி பொறுக்காமல் பாதியில் எழுந்து போனார் மருந்துக்கடைக்காரர். பல்லைப் பிடுங்கிக்கொண்டு அவர் திரும்புவதற்குள் இறைச்சி வெட்டும் கூடத்தை அவர் ஊர் தலையில் கட்டிவிட்டார்கள். பல்லும் போச்சு, தூக்கமும் போச்சு என்று இன்றைக்கும் புலம்புகிறார் மனுஷன்.

அதிலிருந்து கூட்டம் என்றால் எல்லாரும் சாப்பாடு, மாத்திரை, முதுகுக்குத் தலையணை சகிதம் வந்து சம்மணமிடாத குறையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் தலைவர் எல்லாரையும் கேட்டு, எல்லாருக்குமாகச் சேர்த்து இடைவேளை விடுவார். மொத்தமாகப் போய் மொத்தமாக வரவேண்டியது. ஊரை ஆள்கிறவர்களின் பிழைப்பு இப்படி.

இன்றைக்கு ஒன்றுமே எடுத்துக்கொள்ளாமல் வெறுங்கையோடு வந்தவள் தையல்காரி ஒருத்திதான். ஓடைக்கரைக் குடியிருப்பின் உறுப்பினர் அவள். அவளுடைய ஒரே மகளைக் காலையில்தான் தலைப்பிரசவத்துக்குச் சபைக்கு அடுத்த தெரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மருமகனைத் துணைக்கு வைத்துவிட்டு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்ற மறந்து ஓடிவந்திருந்தாள். வராமல் எப்படி இருப்பாள்? சுற்றுவட்டாரக் குப்பை முழுவதையும் கொட்ட ஒரு கிடங்கு வேண்டும், அதற்கு இரண்டே இடங்கள்தான் மிச்சம். ஒன்று அவள் ஊர் ஓடைக்கரை. இன்னொன்று, எதிரே உட்கார்ந்திருந்த உறுப்பினர் வேன்காரர் ஊரின் பழைய கல்குழி.

"கல்குழிக்குக் கீழ பள்ளிக்கூடம் இருக்கு. மழை பெஞ்சா அழுக்குத் தண்ணி நேரா அங்கதான் இறங்கும். நான் ஒத்துக்கமாட்டேன்" என்றார் வேன்காரர்.

"எங்களுக்கு இருக்கறது ஒரே கிணறு. அதுல இறங்கினா பரவால்லியாண்ணே?" என்றாள் தையல்காரி.

"உங்களுக்குக் குழாய் போட்டுத் தரச் சொல்லலாம்மா."

"ரோடு போட்டுத் தரேன்னு சொன்னீங்க, அது வந்துடுச்சா?"

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். ஆனா இன்னிக்குள்ள இடத்தைச் சொல்லலேன்னா மேல இருந்து வந்த பணம் திரும்பிப் போயிடும். அப்புறம் ரோட்டோரம் கொட்டறதை நாமதான் மோந்துக்கிட்டுக் கிடக்கணும்."

தையல்காரியின் மடியில் போன் அதிர்ந்தது. மருமகன்தான்.

"அத்தை, ரத்தக்கொதிப்பு ஏறிக்கிட்டே போகுதாம். கை காலெல்லாம் வீங்கிக் கிடக்கு. உங்களைத்தான் கேக்கறா."

அவள் பதில் சொல்வதற்குள் மகளே போனை வாங்கிவிட்டாள். "அம்மா, நீ எழுந்து வந்துடாத. நம்ம ஊர்ல அத்தனை பேரும் உன்னை நம்பித்தான் இருக்காங்க. நான் தாங்கிக்கறேன்." சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குரல் இழுத்துக்கொண்டது. தாங்குகிறவளின் குரலா அது? பெற்றவளுக்குத் தெரியாதா?

"போய்ப் பாத்துட்டு வாங்கக்கா. நாங்க இருக்கோம்ல, பாத்துக்கறோம்" என்றார் இன்னோர் ஊர் உறுப்பினரான வாத்தியார். இவர்கள் பார்த்துக்கொள்கிற லட்சணம்தான் மருந்துக்கடைக்காரர் ஊர் வரைக்கும் நாறுகிறதே. தையல்காரி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு மணி நேரம் கூட்டத்தை நிறுத்திவைங்கய்யா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். பொண்ணு முகத்தைப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

தலைவர் எல்லாரையும் பார்த்தார். "நிறுத்தறதுக்கும் எல்லாரும் சம்மதிக்கணும்."

வேன்காரர் தலையாட்டினார். வாத்தியாரும் ஆட்டினார். மருந்துக்கடைக்காரர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பல்லுக்கு யாரும் நிறுத்தலையே" என்றார். பல்லும் பிள்ளைப்பேறும் ஒன்றா என்று அவரைக் கேட்க அங்கே ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. பாவி, மனதுக்குள் அத்தனை நாளாக வைத்து அழுத்தியிருக்கிறார்.

பேச்சு மறுபடி கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. சொன்னதையே சொன்னார்கள். மின்விசிறி கடகடவென்று சுற்றியது, வியர்வை மட்டும் அடங்கவில்லை. தையல்காரியின் வாய் பேசியது, காது மடியிலேயே இருந்தது. நான் என்ன மனுஷி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பக்கத்துத் தெருவில் பெற்ற பிள்ளை துடிக்கிறாள், இங்கே உட்கார்ந்து ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விளக்கிக்கொண்டிருக்கிறேனே. எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றுவாள். பிறக்கப் போகிற குழந்தையை எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுவாய் என்று மனசு கேட்கும். காலை மடக்கிக்கொள்வாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை மருமகன் அழுதுகொண்டிருந்தான்.

"அத்தை, வலிப்பு வந்துடுச்சு. இங்க வெச்சுப் பாக்க முடியாதாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுமாம். ஆம்புலன்ஸ் எங்கயோ விபத்துக்குப் போயிருக்கு. எப்ப வரும்னே தெரியல. எனக்கு ஒண்ணும் ஓடல அத்தை."

அழுகை அறை முழுக்கக் கேட்டது. தையல்காரி ஜன்னலைப் பார்த்தாள். சபையின் முற்றத்தில் நின்றது வேன்காரரின் வேன். பின் இருக்கையை நீட்டிப் போட்டால் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். ஆனால் அந்தக் கிழட்டு வண்டியின் கியர் அவர் ஒருவர் கைக்குத்தான் படியும். சொந்த மைத்துனன் ஓட்டி மதில் சுவரில் ஏற்றிய கதை ஊருக்கே தெரியும்.

அவரை எழுப்ப வேண்டும். எழுந்தால் போச்சு, குப்பை அவர் ஊர்க் கல்குழிக்கு. அவர் எப்படி எழுவார்? அவளே எழவில்லையே. சொந்த மகளுக்கே எழாதவள், அடுத்தவரை எந்த முகத்தோடு எழச் சொல்வாள்? சண்டை முடிந்தால்தான் அவர் எழுவார். சண்டையை முடிக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஓடைக்கரையிலயே வெச்சுக்கோங்க. எனக்குச் சம்மதம். என் பொண்ணை மட்டும் கொண்டுபோய்ச் சேத்துடுங்கண்ணே."

கண்ணைத் திறந்தாள். வேன்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் கதவருகே, ஒரு கால் வாசற்படியில், கையில் சாவியோடு திரும்பி நின்றிருந்தார். அவருடைய முதுகுத் தலையணை தரையில் விழுந்து கிடந்தது. வாத்தியார் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்" என்றார் தலைவர், மேசையைத் தட்டி. "ஓடைக்கரை. முடிஞ்சுது."

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார்.

வேன் பறந்தது. பின்னால் மகள் தாயின் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். காலடியில் மருமகன் அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகளின் உதடு கடிபட்டு ரத்தம் கட்டியிருந்தது. நடுவில் ஒரு முறை கண் விழித்தாள்.

"கூட்டம் முடிஞ்சுதாம்மா? நம்ம ஊருக்கு வராதுல்ல?"

"வராது கண்ணு. பேசாம படு."

மகளின் கண் மறுபடி செருகியது. மூச்சு இருக்கிறதா என்று தையல்காரி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். இருந்தது. வேன்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமுவது பின்னால் வரைக்கும் கேட்டது.

"உன் மாப்பிள்ளை அழுதப்பவே நான் சாவியை எடுத்துட்டேம்மா. நீ ஒண்ணுமே சொல்லலேன்னாலும் வந்திருப்பேன். எனக்கும் பொண்ணு இருக்கு" என்றார்.

தையல்காரி மகளின் நெற்றி வியர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"அதை நீங்க எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்ணே" என்றாள்.