திறமைசாலி

கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் விவசாய அதிகாரி அவளைப் பாராட்டிச் சொன்னபோது முதலில் கைதட்டியது அவள் புருஷன்தான். ஊரிலேயே மக்காச்சோளத்தைத் திறமையாக விளைவிப்பது அவன் பெண்டாட்டி என்றாள் அதிகாரி. அவன் வேண்டாமென்று ஒதுக்கிய மேட்டுத் துண்டில், பாதி உரம் போட்டு, சென்ட் கணக்கில் அவனுடைய பெரிய வயலைவிட அதிக விளைச்சல் எடுத்திருக்கிறாள். பின்வரிசையில் யாரோ, மாமா இனிமேல் அக்காவிடம் பாடம் படிக்க வேண்டியதுதான் என்றார்கள். கட்டடமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அவன் சொன்னான்.

"இவ்வளவு திறமைய வச்சுக்கிட்டு அந்தத் துண்டுல எதுக்கு வீணாக்குற? மொத்தக் காட்டையும் நீயே பாரு."

அவள் நம்பினாள். எந்தப் பக்கம் சாணம் கொட்டுவது, எங்கே வாய்க்காலைத் திருப்புவது என்று மனசுக்குள் உழுதபடியே பாத்திரம் தேய்த்தாள்.

விதைப்புக்குக் கூலியாட்கள் யாரும் வரவில்லை. அவன்தான் வேண்டாமென்று சொல்லி அனுப்பியிருந்தான். ஆள் வைக்காமல் விளைவிப்பதுதானே திறமை என்று டீக்கடையில் விளக்கினான். மேட்டுத் துண்டில் ஒவ்வொரு செடியையும் தொட்டு வளர்த்தவள் அவள். இங்கே ஒரு கோடியில் களையெடுத்து மறுகோடிக்குப் போவதற்குள் முதல் கோடி மூடிக்கொண்டது. குருத்தில் புழு விழுந்தது. மருந்தடிக்க ஒரு ஆள் கேட்டாள், தரவில்லை. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்களைக் கூப்பிட்டு, "எங்க வீட்டுத் திறமைசாலியப் பாருங்க" என்று காட்டினான். தன் சோற்றில்தான் மண் விழுகிறது என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அந்த வருஷம் அவன் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

அறுவடை பாதியில் இருந்தபோது அதிகாரி வந்தாள். அறுத்த கதிரை நிறுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா இப்படி ஆயிடுச்சு?" என்றாள்.

அவள் வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். ஆசைப்பட்டுக் கேட்டா, குடுத்தேன். அவளால முடிஞ்சது அவ்வளவுதான்."

நல்ல மனுஷன் என்பதுபோல் அதிகாரி அவனைப் பார்த்தாள். ஜீப் கிளம்பியது.

மேட்டுத் துண்டு மட்டும் தனக்குப் போதும் என்றாள் அவள். மொத்தமும் உன்னுதுதானே என்று அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

அவள் அடுத்த தட்டையை வளைத்துக் கதிரை முறுக்கினாள். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. அறுக்காத பாதியில் கிளிக்கூட்டம் ஒன்று இறங்கி, கதிர் உறையைக் கிழித்து மணி கொத்தத் தொடங்கியது. அவன் சத்தம் போட்டான். அவள் இடுப்பில் கைவைத்து நின்று அவை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.