பத்தொன்பதாயிரம் வொன் கொக்கி

"அண்ணி, இந்தக் கொக்கி உங்க கடையில முப்பத்தெட்டாயிரம் வொன். வெளிநாட்டுக் கடையில இருந்து நேரா வரவழைச்சா பத்தொன்பதாயிரம். உங்களது என்ன, பல்லக்குல வந்துச்சா?"

பனிச்சுவர் ஏறுவோர் சங்கத் தலைவர் மான்சொக், கைப்பேசியில் விலையைக் காட்டிச் சிரித்தார். இடுப்புப் பட்டையையும் கயிற்றையும் இணைக்கிற பூட்டுக் கொக்கி அது. பன்னிரண்டு பேருக்குக் கூட்டாக வரவழைத்துவிட்டாராம்.

ஜோங்னோ தெருவில் பதினாறு வருடமாக மலைச் சாமான் கடை நடத்தும் ஓக்ஜினுக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள்.

"மலிவுச் சரக்கு கடுங்குளிர்ல பூட்டு கழண்டு வாயைப் பொளக்குமாம், தலைவரே. பாத்து ஏறுங்க."

"வியாபாரம் படுத்தா கடைக்காரங்களுக்கு இப்படித்தான் பேய்க்கதை வரும்!"

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இறக்குமதி நிறுவனத்திலிருந்து போன்.

"மேடம், நீங்க விக்கிற அந்தப் பூட்டுக் கொக்கியைத் தயாரிச்ச கம்பெனியே திரும்ப வாங்குது. உறைபனியில பூட்டு தானா திறந்துக்குதாம். நீங்க பயப்படாதீங்க, நாங்க இறக்கினது வேற தொகுதி. போன மூணு மாசமா வெளிநாட்டுக் கடைங்கள்ல வித்ததுதான் கோளாறு."

"நேரா வரவழைச்சவங்களுக்கு யார் சொல்லுவா?"

"அவங்க பேரு நம்மகிட்ட ஏது, மேடம்?"

சங்கம் மொத்தமும் இன்று காங்சொன் அருவிக்கரையில், உறைந்து நிற்கும் பனிச்சுவரில். அவள் கணவன் தூஹியனும்தான். நல்லவேளை, அவனுக்குப் போன வாரமே கடைக் கொக்கியை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

நிமிர்ந்தவளின் கண் சுவர்ப் பலகையில் குத்திட்டு நின்றது.

அவனுக்குக் கொடுத்தது போக மூன்று தொங்க வேண்டிய இடத்தில் நான்கு கொக்கிகள். நான்காவதன் விலைச்சீட்டு கோணல். தூஹியன் ஒட்டுகிற சீட்டு என்றைக்கு நேராக இருந்தது? விற்றால் கடைக்கு ஆகுமே என்று இதைத் திருப்பி மாட்டிவிட்டு, பாவி மனிதன், அந்தப் பன்னிரண்டில் ஒன்றை வாங்கியிருக்கிறான்!

கணவனின் கைப்பேசி அணைந்திருந்தது. தலைவருக்கு அடித்தாள். ஆறாவது முறை மணி அடித்ததும் எடுத்தார். பின்னால் பனிக்கோடாரி கொத்தும் சத்தம்.

"தலைவரே, எல்லாரையும் இறக்குங்க! அந்தக் கொக்கி குளிர்ல திறந்துக்கும்!"

"நேத்து சொன்ன அதே பேய்க்கதையா, அண்ணி?"

"நேத்து சொன்னதுதான் பொய்! இன்னிக்கு நிஜமாவே..."

"கேட்டீங்களாப்பா? பொய்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க!" கூட்டமாகச் சிரித்தார்கள். "அண்ணன் நாப்பது மீட்டர் உயரத்துல தொங்கிட்டிருக்காரு. இறங்கினதும் பேசச் சொல்றேன். நாளைக்கு உங்ககிட்டயே ஒரு டஜன் வாங்கிடறேன், போதுமா?"

"ஐயோ, அவரை இப்பவே..."

சிரிப்பு சட்டென்று நின்றது. கோடாரிச் சத்தமும்.

"அண்ணே?" என்றார் மான்சொக். அது போனில் பேசுகிற குரல் இல்லை. அண்ணாந்து பார்த்துக் கூப்பிடுகிற குரல்.