உபதேசியார் மறுதலித்தது

வேதக்கோயில் பதிவேட்டில் நான் பியூலா, சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஞானராஜின் மகள். பள்ளிச் சான்றிதழில் நாகஜோதி, தகப்பன் பெயர் காளிராஜ். காளிராஜ் என் தாய்மாமன். கிறிஸ்தவள் என்று எழுதினால் எஸ்.சி. சர்டிபிகேட் கிடையாது, அது இல்லாமல் எனக்கு ஆசிரியப் பயிற்சியில் இடமும் கிடைக்காது. ரெட்டியபட்டியில் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படி ரெண்டு பெயர்தான். வெட்கப்பட வேண்டியது நாங்களா, சட்டம் போட்டவர்களா என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

1987 ஜூனில் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் சர்டிபிகேட் விசாரணைக்கு வந்தார். மாமா வீடு மாரியம்மனைக் கும்பிடுகிற வீடு. அங்கே திருநீறு பூசி உட்கார்ந்திருந்தேன். அத்தை எல்லாருக்கும் காப்பியும் அதிரசமும் கொடுத்தாள். கையில் வாங்கியதும் கண்ணை மூடித் தலையைக் குனிந்துவிட்டேன். பதினேழு வருஷப் பழக்கம். ஜெபிக்காமல் நான் எதையும் வாயில் வைத்ததில்லை.

"என்னம்மா பண்ற?" என்றார் அவர்.

"கண்ணுல தூசிங்க சார்."

அவர் நம்பவில்லை. உபதேசியாரைக் கூட்டிவரச் சொன்னார். அப்பாவுக்குப் பொய் வராது. மாமா பள்ளிக்கூடத்தில் தகப்பன் என்று கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வீட்டைவிட்டே வெளியே வராதவர் அவர். நற்கருணை வாங்குவதற்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்: "மறுதலிக்கிறதுன்னா சும்மா மறுத்துப் பேசுறதில்ல. நல்லாத் தெரிஞ்ச ஆளப் பாத்து, யாருன்னே தெரியாதுங்கிறது."

அப்பா வந்து வாசலில் நின்றார்.

"இவரு உனக்கு யாரும்மா?"

"உபதேசியாருங்க. எனக்கு ஒறவெல்லாம் இல்லைங்க சார்." சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு உங்க சபையா?"

அப்பா என்னையே பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லிவிட்டால் தேவலை என்றும் தோன்றியது.

"இல்லைங்க. இது காளிராஜ் மக. எனக்கு யாருமில்ல."

வந்தவர் எழுதிக்கொண்டு கிளம்பினார். மாமாவுக்கு ஒரே சிரிப்பு. நான் ஓடிப்போய், "அப்பா" என்று கையைப் பிடித்தேன். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"இனிமே ஐயான்னு கூப்பிடு தாயி."

"எதுவரைக்கும்ப்பா?"

"நீ வேலைக்குப் போயி, ரிட்டயராகுற வரைக்கும்."