தம்பியின் கை சொன்னது

மேடையின் இடது ஓரத்தில், ஒரு அடி உயர மரப்பெட்டியின் மேல் அக்கா ஒன்பது வருடமாக நின்றுகொண்டிருக்கிறாள். கறுப்புச் சட்டை. வளையல் கிடையாது, மோதிரம் கிடையாது. கை மட்டும் பளிச்சென்று தெரிந்தால் போதும். பிரார்த்தனைக் கூடத்தை நடத்துகிற ஐயா பேசப் பேச அவள் அதைச் சைகை மொழியில் சொல்வாள். முன்னால் இடதுபக்க இரண்டு வரிசைகளில் காது கேளாதவர்கள் பத்தொன்பது பேர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி. லேத் பட்டறையில் வேலை. அங்கே இருக்கிற இரைச்சலுக்கு மற்றவர்கள் எல்லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவன் பாட்டுக்கு இரும்பைக் கடைந்துகொண்டிருப்பான்.

அக்காவின் தொழிலுக்கு ஒரே விதிதான். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் காது கேளாத ஒரு திருடனுக்காக ‘நான்தான் எடுத்தேன்’ என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்காக ‘எனக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு’ என்று கூசாமல் சொல்லியிருக்கிறாள். ஐயாவுக்காகவும் என்னென்னவோ சொல்லியாயிற்று. கொஞ்ச காலமாக ஐயாவின் பேச்சில் கடவுள் குறைந்துகொண்டே வந்தார். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும், ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கத் தெருவில் ஏன் யாரும் சாமான் வாங்கக் கூடாது, அந்தத் தெரு ஆட்களோடு ஏன் பேச்சுவார்த்தையே கூடாது என்பதெல்லாம் ஏறிக்கொண்டே போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கையால் சொன்னாள்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கூடத்தின் செயலாளர் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேசை நிறைய வேட்பாளர் சிரிக்கிற நோட்டீஸ் கட்டுகள்.

“வாங்கம்மா. இந்த வாரம் கூட்டத்துக்கு வேட்பாளர் வர்றாரு. வீடியோ எடுக்கறவங்களும் வர்றாங்க. உங்க தம்பியை மேடைக்கு அனுப்பிடுங்க.”

“எதுக்கு சார்?”

“ஐயா அவர் காதுல கை வைப்பாரு. வேட்பாளர் பக்கத்துல நிப்பாரு. தம்பி ஏதாவது கையை ஆட்டட்டும். நீங்க மைக்ல ‘எனக்குக் கேக்குது’ன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது.”

“அவனுக்குக் கேக்காதே சார்.”

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்மா. அவர் கையை ஆட்டி என்ன சொல்றாருன்னு கூட்டத்துல யாருக்குத் தெரியப் போகுது?”

பத்தொன்பது பேருக்குத் தெரியுமே! அந்த ஆளின் கணக்கில் அவர்கள் ‘யாரும்’ இல்லை. அவளுக்கு ரத்தம் கொதித்தது. “ஊர் காதுல பூ சுத்தறதுக்கு என் தம்பி காதுதான் கிடைச்சுதா?” என்று கேட்டேவிட்டாள்.

செயலாளரின் சிரிப்பு காணாமல் போயிற்று. “பின்னாடி ரூம் ஒண்ணு உங்க ஆளுங்களுக்குக் கொடுத்திருக்கோம். தேர்தல் வேலைக்கு அந்த ரூமைக் கேக்கறாங்க. நான்தான் இன்னும் சாவியைக் கொடுக்காம இருக்கேன். யோசிச்சுக்கோங்க.”

அது வெறும் அறை இல்லை. புதன்கிழமை மாலைதோறும் அந்தப் பத்தொன்பது பேரும் அங்கே கூடுவார்கள். அவர்களில் பல பேர் வீட்டில் பெற்ற தாய்க்கே சைகை தெரியாது. பஸ்ஸில் கையால் பேசினால் ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் சண்டை, கிண்டல், காதல், வம்பு எல்லாம். இது தெரிந்துதான் அந்த மனிதர் அதில் கை வைத்தார், படுபாவி.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே முழுவதையும் பார்த்தான். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “போறேன்” என்றான் கையால்.

“உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?”

“நான் மேடையில சொல்றதை நீ அப்படியே சொல்லு. நீயா ஒண்ணைச் சொல்லிட்டு, நான் சொன்னதா ஆக்கிடாதே. அதைத்தான் என்னால தாங்க முடியாது.”

“ரூம் போயிடும்டா.”

“இரு.” போனை எடுத்து மற்ற பதினெட்டு பேரையும் வீடியோவில் கூப்பிட்டான். அரை மணி நேரம் கைகள் பறந்தன. கடைசியில் போனை வைத்துவிட்டு, “போனால் போகட்டுமாம்” என்றான். மேடையில் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்டபோது, தம்ளரைக் கழுவப் போய்விட்டான்.

அன்றைக்குக் கூடத்தில் நிற்க இடமில்லை. மூன்று கேமரா. வேட்பாளர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. ஐயா தம்பியின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “திற! திற!” என்று மைக் அதிரக் கத்தினார். தம்பி முகத்தைச் சுளித்தான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

“சொல்லு மகனே! என்ன உணர்ற?”

தம்பி தன் ஆட்கள் இருந்த இடதுபக்கம் திரும்பி, கையை எடுத்தான். கீழே செயலாளர் அக்காவையே முறைத்துக்கொண்டு நின்றார். அவள் கையில் மைக். ஒரே ஒரு பொய். மூன்று விநாடி. அறை மிஞ்சும். ஆனால் இத்தனை நாளாக ஐயா கக்கிய விஷத்தை எல்லாம் ஒரு சொட்டு சிந்தாமல் கடத்திவிட்டு, தம்பி முதல்முறையாக வாய் திறக்கும்போது மட்டும் அவன் பேச்சை விழுங்குவதா? தூ!

“எனக்கு எதுவும் கேக்கலை” என்றாள் மைக்கில். “ஐயா அழுத்தினதுல காது வலிக்குது.”

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், மைக் செத்தது. மேள தாளமும் கீபோர்டும் ஒன்றாக அலறின. அவள் மைக்கை வீசிவிட்டு, தம்பி சொன்னதைத் தொண்டை வெடிக்கக் கத்தினாள். முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. தம்பிக்கு அந்தக் கூத்து எதுவும் தெரியாது, பாவம். தன் குரலை வெட்டிவிட்டார்கள் என்று தெரியாமல் நிதானமாகப் பேசிக்கொண்டே போனான். அவனுடைய கடைசி இரண்டு வாக்கியங்கள் வந்தபோது அக்கா கத்துவதை நிறுத்திவிட்டாள். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. அந்த இரைச்சலில் அது யாருக்கும் தெரியவும் இல்லை.

அவன் முடித்ததும் இடதுபக்க வரிசைகளில் எல்லாரும் கையை உயர்த்தி விரல்களைச் சுழற்றினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். பின்னாலிருந்த ஆயிரக்கணக்கான பேர் அதை அருள் வந்ததாக நினைத்துக்கொண்டு, அவர்களும் கையை உயர்த்திக் கண்ணீர் விட்டார்கள். அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாளே அறைக்கு வேறு பூட்டு. அடுத்த நாள் வீடியோ வெளியானது. அவள் குரல் சுத்தமாக இல்லை. உருக்கமான இசை போட்டு, கீழே ‘கேட்கிறது! இறைவனுக்கும் நம் வேட்பாளருக்கும் நன்றி சொல்கிறார்’ என்று எழுதியிருந்தார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை இனிப்போடு ஓடிவந்து, தம்பியின் காதில் வாயை வைத்து, “கேக்குதாடா கண்ணா?” என்று கத்தினாள்.

ஆனால் தம்பி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “கையை வெட்டலை! பாரு, முழுசா இருக்கு! வாயைத்தான் மூடணும்னு நினைச்சிருக்காங்க, முட்டாப்பசங்க!” எங்கெங்கோ இருக்கிற காது கேளாதவர்கள் அவன் கையைப் படித்துவிட்டு, அவனுக்கு எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “காது கேக்கறவங்களுக்கு யாருடா சொல்றது?”

அவன் அவளையே சுட்டிக் காட்டினான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “முழுசா” என்றான். அவள் எதை விட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மேடையில் அவன் அவள் வாயையும் பார்த்திருக்கிறான்.

அக்கா கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அவர்களுடைய வீடியோவையே ஓடவிட்டு, இசையை அழித்துவிட்டு, தன் குரலைப் பதிவு செய்தாள். இரண்டு முறை கடைசியில் உடைந்தது. மூன்றாவது முறை உடையவில்லை.

“எனக்கு எதுவும் கேக்கலை. ஐயா அழுத்தினதுல காது வலிக்குது. நான் நோயாளி இல்லை. ஒன்பது வருஷமா இங்க வர்றேன். இத்தனை பேர்ல ஒருத்தர்கூட ‘சாப்பிட்டியா’ன்னு கையால கேக்கக் கத்துக்கலை. ஆத்துப்பாலத்துக்கு அந்தப் பக்கம் போகாதேன்னு சொன்னீங்களே, அந்தத் தெருவுலதான் என் பட்டறை. எனக்காகக் கைப்பேச்சு கத்துக்கிட்ட ஒரே மனுஷன் என் முதலாளி. அவரோட பேசாதேன்னு சொன்னீங்க. அதை என் அக்கா கையாலயே எனக்குச் சொல்ல வெச்சீங்க.”