முழுங்கிக் காட்டு

மகளின் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் பால் போன்ற திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பம்ப் நின்றால் கத்தும். மற்ற நேரம் அதுவும் பேசாது.

விபத்தில் அவன் மனைவி போய்விட்டாள். பின் இருக்கையில் இருந்த ஏழு வயது மகள் பிழைத்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசக் குழாயை எடுத்த பிறகும் அவள் சாப்பிட வாயைத் திறக்கவில்லை. தொண்டையைச் சோதித்தார்கள். விழுங்குவதில் கோளாறு எதுவும் இல்லை. ஸ்பூனைக் கண்டால் உதடுகள் பூட்டிக்கொண்டன.

"வயிறு எப்பவும் நெறைஞ்சே இருந்தா பசி எப்படி வரும்?" என்றாள் டயட்டீஷியன். பகலில் பம்பை நிறுத்தச் சொன்னாள். பிறகு அவனிடம் ஒரு கிண்ணத்தை நீட்டினாள். மசித்த வாழைப்பழம்.

"ஊட்டட்டுமா மேடம்?"

"வேண்டாம். நீங்க சாப்பிடுங்க. அவ பாக்கட்டும். சாப்பிடுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

வீட்டில் அடுப்பு பற்றவைத்தே நாளாகியிருந்தது. டீயில் ஊறிக் கரைந்த பிஸ்கட்தான் அவனுக்கு இறங்கியது. அதையும் நின்றபடியே குடித்தான். மேசையில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலி தெரியும். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மகளின் முன்னால் உட்கார்ந்து மென்றான். மென்றுகொண்டே இருந்தான். பிறகு இருமுவது போலக் கைக்குட்டையில் துப்பினான்.

"என்ன சார், மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் நர்ஸ். "உங்களப் பாத்தா எனக்கே பசி ஓடிப்போயிடும்."

"நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்."

"அத உங்க மூஞ்சிக்குச் சொல்லுங்க."

மகள் சிரிக்கவில்லை. அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. ஒரு காலை பெரிய டாக்டர் வந்தார்.

"வெயிட் இறங்குது. இதுக்கு மேல பகல்ல நிறுத்தி வைக்க முடியாது. மூக்குக் குழாயையும் ரொம்ப நாள் விட முடியாது. நாளைக்குள்ள கொஞ்சமாவது வாயில வாங்கலன்னா, வயித்துல சின்னதா ஓட்டை போட்டு நேரா குழாய் வச்சிடலாம்."

"இன்னொரு ஆபரேஷனா டாக்டர்?"

"சின்னதுதான்."

போர்வைக்கு அடியில் அந்த வயிற்றில் ஏற்கெனவே ஒரு நீளத் தையல் இருந்தது. இனி இடம் எங்கே என்று கேட்க நினைத்தான். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாலை பார்வை நேரம். அடுத்த கட்டிலின் திரைக்குப் பின்னால் ஒரு குடும்பமே அடைந்துகிடந்து பேசியது. இந்தக் கட்டிலுக்கு ஒரு நாற்காலி போதும். அவன் ஒரு வாய் எடுத்து மென்றான்.

"வாயத் தொற," என்றாள் மகள். கரகரத்த குரல். தினமும் அவள் வாயைச் சுத்தம் செய்யும் நர்ஸின் அதே அதட்டல்.

திறந்தான்.

"நாக்கத் தூக்கு."

பழம் அங்கே இருந்தது.

"திருட்டு அப்பா. நீ முழுங்கவே இல்ல. ஒரு நாளும் முழுங்கல."

"இறங்க மாட்டேங்குதுடா குட்டி."

"எனக்கும்தான்."

அவன் நாற்காலியை நெருக்கிப் போட்டான். "வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினாள். "முழுங்கினா தொண்டை அடைச்சு மூச்சு நின்னுடும். அம்மாவுக்கு நின்னுச்சுல்ல."

திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"நீ முழுங்கு," என்றாள். "நிக்குதான்னு நான் பாக்குறேன்."

ஊசிக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிய கையைத் தூக்கி அவன் தொண்டையில் வைத்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. அவன் விழுங்கினான். வலித்து இறங்கியது. அவள் கையை எடுக்காமல் காத்திருந்தாள்.

"நிக்கல," என்றாள்.

"நிக்கல."

"இன்னொரு தடவ."

இன்னொரு வாய். அதற்கடுத்து இன்னொன்று. பழம் இனித்தது. இனித்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் அவன் கையை இழுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப நீ பாரு. கைய எடுத்துடாத."

"மாட்டேன்."

ஸ்பூன் நுனியில் ஒரு பட்டாணியளவு எடுத்தான். உதடுகள் திறந்து மூடின. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. சாப்பிடு என்று அவன் சொல்லவில்லை. பிறகு அவன் விரல்களுக்கு அடியில் ஏதோ ஏறி இறங்கியது.

அவள் கண்களை அகல விரித்துக் காத்திருந்தாள்.

"நிக்கல," என்றான்.

அவன் கேட்காமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அங்கே எதுவும் இல்லை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்.

அன்று இரவு வீட்டில் அவன் மேசையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டான். எதிர் நாற்காலியைப் பார்த்தபடி. ஒரு கையைத் தன் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு.